பிரைடில் – ஓர் ஆங்கிலச் சொல்லின் இரு முகங்கள்

முன்னுரை

பிறமொழிச் சொல் ஒன்றின் பொருளை அறிய விழையும் மாணாக்கர் முதலில் நாடுவது அகராதியையே. அகராதி பொருள்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தித் தரும். ஆனால் அப்பொருள்கள் ஒரே சொல்லுள் எவ்வாறு வந்து குடிபுகுந்தன என்பதைப் பெரும்பாலும் கூறாது. ஆதலின், முதலாவதாகக் காணும் பொருளை எடுத்து எல்லா இடங்களிலும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் கற்போரிடையே வேரூன்றியுள்ளது. இப்பழக்கம் பல இடங்களில் தீங்கு விளைப்பதில்லை. சில இடங்களிலோ, சொல்லியவர் கருத்தையே தலைகீழாக்கி விடுகிறது.

குதிரையின் தலையில் பூட்டப்படும் கருவியைக் குறிக்கும் ‘பிரைடில்’ என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. செய்தியாளர் ஒருவரின் வினாவைக் கேட்டு அமைச்சர் ‘பிரைடில்டு’ என ஓர் ஆங்கில நாளிதழ் எழுதுவதாகக் கொள்வோம். அகராதியின் முதற்பொருளை நம்பி மொழிபெயர்ப்பவர், ‘அமைச்சர் வினாவுக்குக் கடிவாளமிட்டார்’ என்று எழுதிவிடக் கூடும். வினவியவரின் வாயை அமைச்சர் அடைத்தார் என்பது அதன் பொருளாகும். ஆங்கிலத் தொடர் கூறுவதோ வேறு. வினா அமைச்சரைத் தைத்தது. அவர் அதனைப் பொறாது முகம் மாறித் தலைநிமிர்ந்தார் என்பதே அது. தைத்தவர் யார், தைக்கப்பட்டவர் யார் என்பதே இங்கு இடம் மாறிவிடுகிறது. செய்தியைத் தமிழில் மட்டும் படிப்பவர் ஒருவர், நடவாத ஒன்றை நடந்ததாக நம்புவார்.

ஒரே சொல் எங்ஙனம் அடக்குபவர் செயலையும் அடங்க மறுப்பவர் செயலையும் ஒருங்கே குறிக்கலாயிற்று என்பதையும், இவ்விரண்டையும் பிரித்தறியும் நெறி யாது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியும் அதன் உறுப்புகளும்

சொல்லை அறியுமுன் பொருளை அறிதல் வேண்டும். ‘பிரைடில்’ என்பது குதிரையின் தலையில் பூட்டப்படும் வார்த்தொகுதி முழுவதற்கும் பெயர். காதுகளுக்குப் பின்னே உச்சந்தலையின்மீது செல்லும் வார், நெற்றியின் குறுக்கே செல்லும் வார், இரு கன்னங்களிலும் இறங்கும் வார்கள், மூக்கைச் சுற்றிவரும் வார், தொண்டைக்குக் கீழே செல்லும் வார் ஆகியன அதன் உறுப்புகள். கன்னவார்களின் கீழ்முனைகளில் கோக்கப்பட்டு வாயினுள் கிடக்கும் உலோகத் துண்டினை ‘பிட்’ என்பர். அத்துண்டின் இருபுறத்திலிருந்தும் ஏறியிருப்பவர் கைக்கு வரும் நெடிய வார்களை ‘ரெயின்’ என்பர். தலையணி, வாயிரும்பு, கைவார் என இவற்றை நாம் பிரித்துக் கூறலாம்.

ஆங்கிலம் மூன்று பெயரிட்டு வேறுபடுத்தும் இவற்றைத் தமிழ் வழக்கு பெரும்பாலும் ‘கடிவாளம்’ என்னும் ஒரே சொல்லுள் அடக்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு இதுவே.

வாயிரும்பு செயற்படும் முறை அறிந்துகொள்ளத் தக்கது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறு ஒன்று இருபுறமும் உண்டு. வாயிரும்பு அவ்வீற்றின்மீதும் நாவின்மீதும் படிந்து கிடக்கிறது. கைவாரைச் சிறிது இழுத்தாலும் அவ்விடம் அழுத்தத்தை உணரும். மனிதனைப் போலப் பன்மடங்கு எடையுள்ள விலங்கொன்று ஒருவரின் விரல் அசைவுக்கு அடங்குவது, மெல்லிய ஈறும் நாவும் அறியும் அவ்வுணர்ச்சியினால்தான். மோவாயின்கீழ் ஒரு சங்கிலியைச் சேர்த்து, நெம்புகோல்போல் அழுத்தத்தைப் பெருக்கும் வகை வாயிரும்பும் உண்டு. அவ்வகையினை ‘கர்ப்’ என வழங்குவர். இப்பெயரைப் பின்னரும் காண்போம்.

இங்ஙனம் இழுக்கப்பட்ட குதிரை என்ன செய்யும்? பழகிய குதிரை நிற்கும். பழகாத குதிரையும் வலியுற்ற குதிரையும் தலையை மேலே எறியும். கழுத்தை வளைத்து மோவாயை மார்பை நோக்கி உள்ளிழுக்கும். இழுக்கும் கை ஒருபுறம், தலையை எறியும் குதிரை மறுபுறம் என்னும் இக்காட்சியை மனத்திற் கொண்டால், இச்சொல்லின் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘பிரீடெல்’ என வழங்கியது. விரைந்து அசைத்தல், இழுத்தல், பின்னுதல் என்னும் பொருள்களையுடைய ‘பிரெக்டன்’ என்னும் வினையோடு இது தொடர்புடையது என்பர் மொழிநூலார். கூந்தலைப் பின்னுதலைக் குறிக்கும் ‘பிரெய்டு’ என்னும் இக்கால ஆங்கிலச் சொல்லும், ஒருவரைக் கடிந்து கூறுதலைக் குறிக்கும் ‘அப்பிரெய்டு’ என்னும் சொல்லும் அவ்வேரினின்று தோன்றியவையே. பின்னுவதும் பூட்டுவதும் கடிவதும் ஒரு வேரின் கிளைகளாதல் நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். மணமகளோடு அல்லது திருமணத்தோடு தொடர்புடையது என்னும் பொருளில் வரும் ‘பிரைடல்’ என்னும் சொல், ஆங்கில ஒலிப்பில் குதிரைக் கருவியின் பெயரோடு முற்றிலும் ஒத்தது. எழுத்தால் மட்டுமே இரண்டும் வேறுபடும். முன்னது ‘டி, ஏ, எல்’ என முடியும். பின்னது ‘டி, எல், ஈ’ என முடியும். மணச்சொல் மணமகள், மது என்னும் இரு சொற்கள் இணைந்து மணவிருந்தைக் குறித்த பழைய கூட்டுச்சொல்லினின்று வந்தது. இரண்டிற்கும் பிறப்பால் உறவில்லை. ஆயினும் இவ்வொலியொப்புமையைக் கொண்டு, மனைவியைக் கடிவாளம் பூட்டிய குதிரையாகக் காட்டும் நகைச்சுவைகள் அங்கு எழுந்தன.

தமிழிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. ‘கடிவாளம்’ என்பதிலும் ‘கடிமணம்’ என்பதிலும் ‘கடி’ நிற்கிறது. கடி என்னும் உரிச்சொல் காப்பு, கூர்மை, விரைவு முதலிய பல பொருள்களைத் தரும் என்பது தமிழ் மாணாக்கர் அறிந்ததே. விரைவும் அதனைத் தடுக்கும் காப்பும் ஒரே சொல்லில் அமைந்திருப்பதைக் கண்டு நாம் வியப்பதில்லை. எனவே ‘பிரைடில்’ என்னும் சொல்லின் இரு முகங்களும் நமக்கு முற்றிலும் புதியன அல்ல.

பெயர்ச்சொல்லாக வரும் இடங்கள்

பெயர்ச்சொல்லாக வருங்கால் இச்சொல் இடர் தருவதில்லை. குதிரையின் தலையணி என்னும் முதற்பொருளிலிருந்து ‘அடக்கும் ஆற்றல் எதுவும்’ என்னும் பொருள் பழைய காலத்திலேயே கிளைத்தது. அதற்கு மேலும் தொழில்துறைகளில் இது பரவியுள்ளது. கப்பலை நங்கூரங்களோடு பிணைக்கும் கவர்க்கயிறு, ஒரு கலத்தை மற்றொரு கலம் இழுத்துச் செல்லுங்கால் சுமையை இருபுறமும் பகிர்ந்தளிக்கும் கவர்க்கயிறு ஆகியவற்றையும் இப்பெயரால் அழைப்பர். சிறுவர் பறக்கவிடும் பட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் கட்டி ஒரு முடிச்சில் சேர்க்கும் நூலுக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். அதனை நாம் சூத்திரக் கயிறு என்போம். யாழ்ப்பாணத்தார் முச்சை என்பர். பல முனைகளை ஒரு பிடிக்குள் கொணர்வது என்பதே இவையனைத்திற்கும் பொதுவான கருத்து.

‘பிரைடில்வே’ என்பது இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒருவகைப் பொதுவழியைக் குறிக்கும் சட்டச்சொல். நடப்போரும் குதிரையேறிச் செல்வோரும் அவ்வழியே செல்ல உரிமையுடையர். 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் மிதிவண்டியில் செல்வோர்க்கும் அவ்வுரிமையை வழங்கியது. இதனைக் ‘கடிவாளப் பாதை’ எனப் பெயர்த்தல் பொருந்தாது. ‘குதிரைத் தடம்’ என்பதே பொருந்தும். கருவியின் பெயர் அக்கருவி பூண்ட விலங்கிற்கு ஆகிவந்தமையின், இதனை ஆகுபெயர் நெறியில் விளங்கிக்கொள்ளலாம்.

வினையாட்சி – இரு முகங்கள்

வினைச்சொல்லாக வருங்கால்தான் இச்சொல்லின் இரு முகங்களும் வெளிப்படுகின்றன.

முதல் முகம் ஏறியிருப்பவருடையது. குதிரைக்குத் தலையணி பூட்டுதல், அதன்வழி அடக்குதல், கட்டுப்படுத்துதல் என்பன அதன் பொருள்கள். இவ்வழி வரும்போது இது செயப்படுபொருள் குன்றா வினை. குதிரையை, நாவை, சினத்தை, ஆசையை என எதனையேனும் இவ்வினை கொண்டே தீரும்.

இரண்டாம் முகம் குதிரையினுடையது. கைவார் இழுபட்டதும் தலையை எறிந்து மோவாயை உள்ளிழுக்கும் குதிரையின் செயல், 15ஆம் நூற்றாண்டு முதல் மனிதர்க்கும் ஏற்றியுரைக்கப்பட்டது. பிறர் சொல்லாலோ செயலாலோ தன்மதிப்பு புண்பட, அதனை முகத்தாலும் கழுத்தாலும் காட்டுதல் என்பது இதன் பொருள். இவ்வழி வரும்போது இது செயப்படுபொருள் குன்றிய வினை. இதனைத் தொடர்ந்து பெரும்பாலும் ‘அட்’ என்னும் இடைச்சொல் வரும். புண்படுத்தியது எது என்பதை அவ்விடைச்சொல் சுட்டும். சில வேளைகளில் ‘அப்’ என்னும் துணைச்சொல்லும் சேரும்.

இரு முகங்களையும் அருகருகே நிறுத்திக் காட்ட ஓர் இணை போதும். ஒருவர் தம் சினத்தை ‘பிரைடில்’ செய்தார் எனின், சினத்தை அடக்கினார் என்பது பொருள். ஒருவர் சினத்தால் ‘பிரைடில்’ செய்தார் எனின், சினத்தை முகத்தில் காட்டினார் என்பது பொருள். முன்னதில் சினம் குதிரை. அவர் அதன்மேல் ஏறியிருப்பவர். பின்னதில் அவரே குதிரை. தமிழில் ‘ஐ’, ‘ஆல்’ என்னும் இரு வேற்றுமை உருபுகளே இப்பெரும் வேறுபாட்டைத் தாங்கி நிற்கின்றன. ஆங்கிலத்தில் அதனைத் தாங்குவது ‘வித்’ என்னும் ஒரு சிறு சொல். அதனைக் கவனியாது கடந்தவர் கருத்தைத் தலைகீழாகவே பெயர்ப்பார்.

எதிர்மறை முன்னொட்டுப் பெற்ற ‘அன்பிரைடில்டு’ என்னும் அடைமொழி வழக்கில் மிகுதியாக உள்ளது. தலையணி அற்ற என்பது அதன் நேர்ப்பொருள். தடையற்ற என்பது வழக்குப்பொருள். இவ்வடைமொழி தன்னளவில் நன்மையையோ தீமையையோ குறிப்பதில்லை. பேராசையோடு சேர்ந்தால் பழிப்பாகும்; மகிழ்ச்சியோடு சேர்ந்தால் புகழ்ச்சியாகும். ‘கட்டுக்கடங்காத பேராசை’ என்பது பொருந்தும். ‘கட்டுக்கடங்காத மகிழ்ச்சி’ என்பதைவிடக் ‘கரைகாணா மகிழ்ச்சி’ என்பது சிறக்கும். அடையைப் பெயர்க்குமுன் அது தழுவும் பெயரை நோக்குக என்பதே இதற்குரிய நெறி.

இரும்புக் கடிவாளம்

நாவைக் கடிவாளமிட்டு அடக்கும் உருவகம் மிகப் பழமையானது. விவிலியப் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய கடிதம், குதிரையின் வாயிலிடும் சிறு கருவி அதன் உடல் முழுவதையும் திருப்புவதை நாவின் ஆற்றலோடு ஒப்பிட்டுப் பேசுகிறது. ஒருவர் தம் நாவைத் தாமே அடக்கிக்கொள்ளுதல் அங்குக் கூறப்படும் அறம். தம் நாவைத் தாம் அடக்குதல் வேறு, பிறர் நாவை இரும்பால் அடக்குதல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்த ஒரு காலமும் அந்நாட்டு வரலாற்றில் உண்டு.

16ஆம் நூற்றாண்டு முதல் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ‘ஸ்கோல்ட்ஸ் பிரைடில்’ என்னும் தண்டனைக் கருவி வழங்கியது. ‘வாயாடியின் கடிவாளம்’ என அதனைப் பெயர்க்கலாம். ஸ்காட்லாந்தில் அதனை ‘பிராங்க்ஸ்’ என்றனர். தலையைச் சுற்றிப் பூட்டும் இரும்புச் சட்டமும், வாயினுள் சென்று நாவை அழுத்தும் இரும்புத் தகடும் அதன் உறுப்புகள். அத்தகட்டில் முட்கள் பொருத்திய கருவிகளும் இருந்தன. ஊரார் காண அதனைப் பூட்டித் தெருவழியே நடத்திச் செல்வதும், சந்தைத் திடலில் நிறுத்துவதும் வழக்கம். இத்தண்டனைக்கு ஆளானோர் பெரும்பாலும் பெண்களே. 1633 என ஆண்டு பொறித்த கருவி ஒன்று, தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள வால்டன் ஊர்த் தேவாலயத்தில் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டு வந்தது.

அவர்கள் பேசிய குற்றம் யாது? 1567இல் எடின்பரோவில் ஒரு பெண்ணுக்கு இத்தண்டனை விதிக்கப்பட்டது. நகர அதிகாரி ஒருவர் பொய்யான அளவுகளைப் பயன்படுத்துகிறார் என்று அவர் கூறியதே குற்றம். வாயில் இரும்பைப் பூட்டி ஒரு மணி நேரம் சந்தைச் சிலுவைக் கம்பத்தோடு அவரைப் பிணைத்தனர். 1655இல் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த டாரதி வா என்னும் பெண் கார்லைல் நகரச் சந்தையில் நின்று சமயவுரை ஆற்றினார். நகரத் தலைவரின் ஆணையால் அவருக்கும் இரும்புக் கடிவாளம் பூட்டப்பட்டது. மூன்று மணி நேரம் அதனைத் தாங்கி நின்ற அவர், தாம் பட்டதைப் பின்னர் எழுதி வைத்தார். 1656இல் அது அச்சேறியது. அடக்கப்பட்ட நாவே தன் வரலாற்றைத் தானே எழுதியதற்கு அது ஒரு சான்று.

ஷேக்ஸ்பியர் 1590களில் இயற்றிய ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ என்னும் நாடகத்தில் உடன்பிறந்த பெண்கள் இருவர் உரையாடுகின்றனர். கணவனே மனைவியின் விருப்பத்திற்குக் கடிவாளம் என்கிறாள் லூசியானா. அங்ஙனம் பூட்டப்பட இசைபவை கழுதைகள் மட்டுமே என மறுக்கிறாள் மணமான அட்ரியானா. அவள் மறுக்குங்கால் கொண்ட முகக்குறியை உரைக்க ஆங்கிலத்தில் ஒரு வினை தேடுவோமாயின், அதுவும் ‘பிரைடில்’ என்பதே. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புதினங்களிலும் புண்பட்ட மதிப்பைத் தலையசைவால் காட்டும் பெண் மாந்தர்க்கு இவ்வினை அடிக்கடி வழங்கப்பட்டது. எவரை அடக்கும் கருவிக்கு இச்சொல் பெயராயிற்றோ, அவர்தம் எதிர்ப்பிற்கும் அச்சொல்லே பெயராயிற்று.

குதிரையின் பக்கம் நின்ற நூல்

ஆங்கில உரைநடையில் வாயிரும்பின் கதையைக் குதிரையின் வாய்மொழியாகவே கூறிய நூல், ஆன்னா ஸூவெல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’. இது 1877இல் வெளிவந்தது. 1820இல் பிறந்த ஆன்னா, 14ஆம் வயதில் கணுக்கால் காயமுற்று, அதன்பின் வாழ்நாள் முழுவதும் இயல்பாக நடக்க இயலாதவராயினார். வெளியிற் செல்ல அவருக்குத் துணையாயிருந்தவை குதிரைகளே. நோயுற்ற நிலையிலேயே இந்நூலை எழுதி முடித்த அவர், நூல் வெளிவந்த சில மாதங்களில், 1878இல் மறைந்தார். அவர் எழுதிய நூல் இஃதொன்றே.

அக்காலத்தில் செல்வர்தம் வண்டிக் குதிரைகளுக்கு ‘பேரிங் ரெயின்’ என்னும் மேல்வார் ஒன்றைப் பூட்டினர். குதிரையின் தலை எப்பொழுதும் நிமிர்ந்து அழகாகத் தோன்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேட்டில் வண்டியிழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தி உடல்வலியை முன்னே செலுத்தல் வேண்டும். மேல்வார் அதற்கு இடங்கொடாது; மூச்சும் முட்டும். இவ்வழக்கத்தின் கொடுமையைக் குதிரை தானே எடுத்துரைப்பதாக அந்நூல் அமைந்தது. அதனைப் படித்தோரிடையே இவ்வழக்கத்திற்கு எதிரான உணர்வு வலுப்பெற்றது. அகராதியின் இரண்டாம் பொருளாய் மறைந்துகிடந்த குதிரையின் பக்கத்தை முதற்பொருளாக்கிய நூல் என இதனைக் கூறலாம்.

உறவுச் சொற்கள்

கடிவாளத்தை இலத்தீனில் ‘ஃப்ரேனும்’ என்பர். கடிவாளத்தால் பின்னிழுத்தல் என்னும் பொருளுடைய ‘ரெஃப்ரேனாரே’ என்னும் வினை அதனின்று தோன்றியது. ஒன்றைச் செய்யாது தவிர்த்தலைக் குறிக்கும் ‘ரிஃப்ரெயின்’ என்னும் ஆங்கில வினை அதன் வழித்தோன்றல். பாடலில் மீண்டும் மீண்டும் வரும் பல்லவியைக் குறிக்கும் ‘ரிஃப்ரெயின்’ என்னும் பெயர் வேறு வேரினின்று வந்தது. இரண்டையும் இணைத்தல் கூடாது. நாவின் அடியில் அதனை வாயின் தரையோடு பிணைக்கும் மெல்லிய தசைமடிப்பினை மருத்துவர் ‘ஃப்ரெனுலம்’ என்பர். ‘சிறுகடிவாளம்’ என்பது அதன் சொற்பொருள். நாவுக்குக் கடிவாளம் என்பது அறநூலார் உருவகமாக மட்டுமன்றி, உடற்கூற்று நூலார் இட்ட பெயராகவும் அமைந்தது இனியதொரு பொருத்தம்.

மருத்துவமனைகளில் நாள்தோறும் கேட்கும் ‘டிபிரைட்மென்ட்’ என்னும் சொல்லும் இக்குடும்பத்தினதே. ஆறாப் புண்ணில் அழுகிய திசுவை அறுத்து நீக்கும் மருத்துவ முறைக்கு அது பெயர். ஜெர்மானிய மொழியினின்று பிரெஞ்சு பெற்ற ‘பிரிட்’ என்னும் கடிவாளப் பெயரோடு நீக்கற்பொருள் முன்னொட்டுச் சேர்ந்து, கடிவாளத்தைக் கழற்றுதல் என்னும் வினை பிறந்தது. புண்ணை இறுக்கிப் பிடித்திருப்பதை அறுத்து விடுவித்தல் என அது அறுவை மருத்துவத்தில் பொருள் பெற்றது.

அரபு மொழியின் பங்கும் குறிக்கத்தக்கது. வாயிரும்பு இல்லாது மூக்கின்மீது அழுத்தம் தந்து குதிரையைச் செலுத்தும் தலையணியை அமெரிக்கர் ‘ஹேக்கமோர்’ என்பர். அது ‘ஹாக்கிமா’ என்னும் ஸ்பானியச் சொல்லின் திரிபு. ஸ்பானியச் சொல்லோ, கடிவாளத்தைக் குறிக்கும் ‘ஷகீமா’ என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது. வாயிரும்பைக் குறித்த சொல் கடல் கடந்து, வாயிரும்பற்ற கருவிக்குப் பெயராயினமை சொற்களின் விந்தையான பயணத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு.

தமிழுக்கு வந்த சொற்களும் இத்தகைய பயணம் உடையனவே. பழைய நூல்களில் கடிவாளத்திற்கு வழங்கும் ‘கலினம்’ வடமொழிக் ‘கலீன’ என்பதன் வடிவம். அவ்வடசொல் ‘கலினோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லினின்று வந்ததென்பர். மேலே கூறிய யாக்கோபின் கடிதத்தில் மூலமொழியில் நிற்பதும் அக்கிரேக்கச் சொல்லே. பேச்சுவழக்கில் உள்ள ‘லகான்’ என்பது ‘லகாம்’ என்னும் பாரசீகச் சொல், உருது வழியாக நம்மிடம் வந்த வடிவம். கடல்வழிக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டி நாட்டிற்குக் குதிரைகள் மரக்கலங்களில் வந்ததை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார். குதிரையொடு அதன் கருவிகளும், கருவிகளொடு அவற்றின் பெயர்களும் வந்து சேர்ந்தன.

அண்டைச் சொற்கள்

‘பிரைடில்’ என்பதோடு மயங்கும் மூன்று சொற்களையும் சுருக்கமாக வேறுபடுத்திக் காண்போம்.

‘ரெயின் இன்’ என்பது ஓடிக்கொண்டிருப்பதைப் பின்னிழுத்தல். வரம்பு மீறிய செலவினத்திற்கு அது பொருந்தும். ‘ஃப்ரீ ரெயின்’ என்பது கைவாரைத் தளரவிட்டு உரிமை வழங்குதல். ஆட்சியைக் குறிக்கும் ‘ரெயின்’ என்னும் ஒலியொப்புச் சொல்லின் எழுத்துகளை இட்டு இத்தொடரைப் பிழையாக எழுதுவோர் ஆங்கிலேயரிலும் பலர். ‘கர்ப்’ என்பது வளர்வதை ஓர் அளவிற்குள் நிறுத்துதல். விலைவாசிக்கு அது பொருந்தும். ‘ஹார்னெஸ்’ என்பதோ அடக்குதலன்று. ஆற்றலைப் பூட்டி வேலை கொள்ளுதல். காற்றின் ஆற்றலை ‘ஹார்னெஸ்’ செய்தல் என்பதைக் ‘கட்டுப்படுத்துதல்’ எனப் பெயர்த்தால் கருத்துச் சிதையும். ‘பயன்கொள்ளுதல்’ என்பதே தகும்.

தமிழில் பெயர்க்குங்கால்

ஆங்கிலேயர் வாழ்வில் குதிரை பெற்றிருந்த இடத்தை, உழவுத்தொழில் சிறந்த தமிழர் வாழ்வில் காளை பெற்றிருந்தது. ஆதலின் அடக்குதல் பற்றிய நம் உருவகங்கள் பலவும் காளையைச் சார்ந்தவை. மூக்கணாங்கயிறு, நுகத்தடி, தும்பு, கால்கட்டு என்பனவற்றை நம்மவர் பேச்சில் நாளும் கேட்கிறோம். இளைஞனுக்குக் கால்கட்டுப் போடுதல் என்பது மணம் முடித்தலைக் குறிக்கிறது. இவ்வளத்தைப் பயன்படுத்தாது எல்லா இடங்களிலும் கடிவாளத்தையே எழுதுதல் வறுமையாகும்.

முதல் முகத்திற்கு அடக்குதல், கட்டுப்படுத்துதல், காத்தல் என்பன உள்ளன. நாவைப் பற்றி வருமிடத்துக் காத்தல் என்பதே மிகச் சிறந்தது. வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் நாவிற்கு ஆண்ட வினை காத்தலே. ஆங்கில உருவகம் நாவை முரட்டுக் குதிரையாகக் காண்கிறது. குறள் அதனைக் காக்கத்தக்க பொருளாகக் காண்கிறது.

இரண்டாம் முகத்திற்குத் தமிழில் சொல் இல்லை என எண்ணுதல் வேண்டா. காளை தலையைச் சிலுப்புகிறது. குதிரை பிடரியைச் சிலுப்புகிறது. மனம் புண்பட்டவர் ‘சிலுப்பிக்கொண்டு போகிறார்’ என்பது உலக வழக்கு. விலங்கின் தலையசைவினின்று மனிதர் மனநிலைக்குச் சென்ற பயணம் இச்சொல்லிலும் அப்படியே அமைந்துள்ளது. நாட்டுப்புறத்தார் நாவில் வாழும் இச்சொல்லே ஆங்கில வினைக்கு மிக நெருங்கிய இணை. செந்நடை வேண்டுமிடத்து ‘சிலிர்த்தெழுந்தார்’, ‘பொறாது முகம் திருப்பினார்’ எனலாம்.

எம்முகம் எவ்விடத்து என அறியும் நெறி எளியது. வினைக்குச் செயப்படுபொருள் உண்டா என நோக்குக. உண்டெனின் எழுவாய் ஏறியிருப்பவர். இல்லையெனின் எழுவாய் குதிரை. செயப்பாட்டு வினையாக வரின் செயப்படுபொருளே எழுவாயாக நிற்பதால், அடக்கப்பட்டது எழுவாய் எனக் கொள்க. ‘அட்’ என்னும் இடைச்சொல் தொடரின், அதன்பின் வருவது புண்படுத்திய பொருள் எனத் துணிக. இந்நெறிகளைக் கொண்டு இச்சொல் வரும் தொடர்களைப் பிழையின்றிப் பெயர்த்தல் கூடும்.

முடிவுரை

குதிரையின் தலையில் பூட்டும் கருவிக்குப் பெயராய்த் தோன்றிய ‘பிரைடில்’ என்னும் சொல், பூட்டும் கையின் செயலையும் பூட்டப்பட்ட வாயின் எதிர்ப்பையும் குறிக்கும் பலபொருள் ஒருசொல்லாக வளர்ந்தது. இரும்பை வாயிலேற்ற பெண்களின் வரலாறும், குதிரையின் வாய்மொழியாக அமைந்த நூலும் அவ்விரண்டாம் பொருளுக்கு உயிர்ச்சான்றாய் நிற்கின்றன. உறவுச் சொற்கள் நாவின் அடியிலும் மருத்துவமனையிலும் வாழ்கின்றன. தமிழில் அதன் முதல் முகத்திற்கு அடக்குதலும் காத்தலும், இரண்டாம் முகத்திற்குச் சிலுப்புதலும் சிலிர்த்தலும் உரிய சொற்களாய் உள்ளன.

மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பது பேனா மட்டுமன்று. பிறர் பேச்சின் கைவாரும் அவர் கையில்தான் உள்ளது. அதனை எப்பக்கம் இழுப்பினும் படிப்பவர் அப்பக்கமே திரும்புவர். எனவே ஒரு சொல்லைப் பெயர்க்கத் தொடங்குமுன், இது பிடித்திருப்பவரின் சொல்லா, பூட்டப்பட்டவரின் சொல்லா என ஒருமுறை வினவிக்கொள்ளுதல் மொழி பயிலும் மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் கடனாகும்.